என் பையன் போட்ட பெட்ரோல்

நீங்க அந்த லைட்டத்தான் மொதல்ல கேப்பீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. வர்றவங்க எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர் வந்தாங்க. சாவியத் திருப்பி வண்டி ஸ்டார்ட் ஆனதும் மஞ்சளா அந்த இன்ஜின் படம் அப்படியே நின்னு எரிஞ்சுது. ரெண்டு பேரும் "யோசிச்சுச் சொல்றோமுங்க"ன்னு போனவங்கதான். நான் எதையும் மறைக்கறதில்லீங்க. முப்பத்தஞ்சு வருசம் சர்வேயரா இருந்தவன். எடத்துல ஒரு அடி குறைஞ்சா குறையுதுன்னுதான் எழுதுவேன், எதிர்ல யார் வந்து நின்னாலும் சரி.

லைட்டுக்குக் காரணம் எலிங்க. சைலன்சர் பக்கம் ஒரு சென்சார் இருக்குதாம், புகையப் பாத்து இன்ஜினுக்குச் சொல்றது. அதுக்குப் போற ஒயர எலி கடிச்சிருக்குது. அரைமணி நேர வேலை. உங்களுக்கு என் நெம்பர் குடுத்தாரே ஜக்கரியா, அந்த மெக்கானிக்தான் கண்டுபிடிச்சாரு. அன்னைக்கே சரி பண்ணிடறேன்னாரு. நான்தான் வேண்டாம்னுட்டேன்.

ஏன் வேண்டாம்னேன்னா... உக்காருங்க. அந்தச் சேர இழுத்துப் போட்டுக்கோங்க. பால் வாங்கறதில்லீங்க, தனியாளுக்கு மிஞ்சிப் போயிருது. வரக்காப்பி போட்டுத் தரட்டுங்களா? வேண்டாமா, சரி.

வண்டி என் பையன் மகேந்திரன் வாங்கினது. பத்து வருசம் தாண்டியாச்சு. திருப்பூர்ல பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருந்தான். தெனமும் கம்பெனி வேன்ல போயிட்டு வந்துருவான், வண்டி வீட்டுல நிக்கும், லீவு நாள்ல எடுப்பான். நாலு வருசம் ஆகப்போகுதுங்க, ஒரு புதன்கிழமை, சாயங்காலம் வந்தவன் வண்டிய எடுத்துட்டுப் போய் புல் டேங்க் பெட்ரோல் போட்டுட்டு வந்தான். ஞாயித்துக்கிழமை எல்லாரும் கொடிவேரி போலாம், அங்கிருந்து பவானிசாகர் போலாம்னான். வியாழக்கிழமை வேன்ல வேலைக்குப் போனான். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல நெஞ்சப் புடிச்சுட்டு உக்காந்தானாம். அவ்வளவுதானுங்க. முப்பத்திநாலு வயசு.

அப்ப அவன் பையன் யுகனுக்கு ஒண்ணரை வயசு.

மருமக கோகிலவாணிய அவங்க வீட்டுல கூப்புட்டாங்க. நான்தான் சொன்னேன், "அம்மிணி, இது உன் வீடு. நீ எங்கயும் போக வேண்டாம். எனக்கு நீ மருமக இல்லை, மகதான்." அப்படித்தான் வெச்சிருந்தேன். அவளுக்கு நான் எதுக்கும் தடை சொன்னதில்லீங்க. எங்க வேணா கேட்டுப் பாருங்க.

இந்த வண்டிய மட்டும் யாரும் தொடக்கூடாதுன்னு சொன்னேன். விக்கலாம்னு சம்பந்தி சொன்னாரு. வேண்டாம்னேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, மொபெட்தான். ஆனா ஞாயித்துக்கிழமை தவறாம காலைல எட்டு மணிக்கு உள்ள உக்காந்து, கியர் நியூட்ரல்ல இருக்குதான்னு ஆட்டிப் பாத்துட்டு, ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிசம் ஓட விடுவேன். பேட்டரி போகக்கூடாது பாருங்க. அஞ்சு நிமிசம். அதுக்கு மேல விடமாட்டேன். ஏன்னா உள்ள இருக்கறது அவன் போட்ட பெட்ரோலுங்க. இன்னொருத்தர் போட்டது இல்லை. அது தீந்துறக்கூடாதுன்னு ஒரு இது எனக்கு.

சிரிப்பீங்க. சிரிக்கலாமுங்க. பெட்ரோல் காட்டற முள்ளு மொத மூணு வருசத்துல கொஞ்சம் கொஞ்சமா இறங்கி முக்காலுக்கு வந்து, பாதிக்கு வந்துது. அப்புறம் போன கார்த்திகைக்கு மேல பாத்தா, இறங்கவே இல்லை. அங்கயே நிக்குது. ஒரு வாரம் கொஞ்சம் ஏறினாப்பலகூட இருக்குது. நான் என்ன நெனச்சேன்னு சொல்லட்டுங்களா? அவன்தான் பாத்துக்கறான்னு நெனச்சேன். யார்கிட்டயும் சொல்லலை. சம்பூரணத்துகிட்ட மட்டும் சொன்னேன். சம்பூரணம் என் சம்சாரம். "ஏ சம்பூரணம், பெட்ரோல் முள்ளு இறங்கறதே இல்லை, பாத்தியா?"ன்னேன். அவ முந்தானைய வாயில வெச்சுட்டு உள்ள போயிட்டா. அழுகறான்னு நெனச்சேன்.

தை மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ஸ்டார்ட் பண்ணினேன், இந்த லைட் வந்துது. எனக்குக் கண்ணு ஆப்பரேஷன் ஆனதுங்க, எத்தனை கிலோமீட்டர்னு கீழ ஓடற சின்ன நெம்பரெல்லாம் தெரியாது. ஆனா மஞ்சள் லைட் நல்லாத் தெரிஞ்சுது. ஒடனே அணைச்சுட்டேன். அவன் வண்டிக்கு என்னமோ ஆகுதுன்னு.

கேட்டா ஆளுக்கொண்ணு சொல்றாங்க. பக்கத்து வீட்டுத் தங்கமுத்து, நிக்கற வண்டிக்குப் பேட்டரிதான் போகும்னாரு. புதுப் பேட்டரி மாத்தினேன். ஒரு வாரம் லைட் வரலை. அடுத்த வாரம் வந்துருச்சு. இன்னொருத்தர், பெட்ரோல் ரொம்ப நாள் நின்னா கெட்டுப் போகும், இன்ஜின்ல பிசின் மாதிரி புடிச்சுக்கும், மொத்தமா இறக்கிட்டுப் புதுசு போடுங்கன்னாரு. அது மட்டும் முடியாதுன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பாத்தாரு. ஓட்டாம வெச்சிருந்தா இப்படித்தான், வாரத்துக்கு ஒரு தடவ பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கன்னு தங்கமுத்து சம்சாரம் சொல்லுச்சு. சொல்லிட்டு எங்க வீட்டுப் பக்கம் பாத்து ஒரு சிரிப்பு. அப்ப எனக்குப் புரியலை.

நடுவுல ஒரு நல்லது நடந்துது, அதையும் சொல்லிடறேன். யுகன் பேச ஆரம்பிச்சான்.

அவன் பேசாமயே இருந்தானுங்க. நாலு வயசு தாண்டியும் ஒரு வார்த்தை வரலை. வேணும்னா கையப் புடிச்சு இழுத்துட்டுப் போய்க் காட்டுவான். சத்தம் கேட்டாக் காதப் பொத்திக்கிட்டு வீல்னு கத்துவான். கோகிலா ரெண்டு மூணு தடவ கேட்டா, "மாமா, பையன ஒரு டாக்டர்கிட்டக் காட்டலாமுங்களா? ஈரோட்டுல பேச்சுப் பயிற்சி தர்றாங்களாமுங்க." நான் சொன்னேன், "அம்மிணி, நான் பேசினதே அஞ்சு வயசுல. எங்க பரம்பரைல ஆம்பளைங்க லேட்டாத்தான் பேசுவோம். இப்பப் போய் டாக்டர்கிட்ட நிறுத்தினா, பேசாத பையன்னு ஊர்ல பேர் கட்டிருவாங்க. அப்புறம் அது போகாது." நல்லதுக்குத்தான் சொன்னேன். அப்பன் இல்லாத பையனுக்கு இந்தப் பேர் வேறயான்னு. அவ "சரிங்க மாமா"ன்னா. அதுக்கப்புறம் அவ கேக்கவே இல்லை.

மாசி மாசம் ஒரு நாள் காலைல, நான் பேப்பர் படிச்சுட்டு இருக்கறேன், எம் பக்கத்துல வந்து நின்னு டம்ளரக் காட்டி "தண்ணி"ன்னான். தெளிவா. "தண்ணி." எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. சம்பூரணத்தக் கூப்புட்டேன், கோகிலாவக் கூப்புட்டேன். "நான் சொன்னேன் பாத்தீங்களா? நான் சொன்னேனா இல்லையா?"ன்னு கேட்டேன். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. கோகிலா, "ஆமாங்க மாமா"ன்னா.

செவ்வாய், வியாழன் ரெண்டு நாளும் நான் சத்தியமங்கலத்துல ஒரு பத்திரம் எழுதறவர் ஆபீஸ்ல போய் உக்காருவனுங்க. எடத்தோட வரைபடம் பாத்து எல்லை சொல்லணும். காலைல ஒம்பதுக்குப் போனா சாயங்காலம் நாலு ஆயிரும். அந்த வாரம் ஒரு டப்பா சாக்லேட் வாங்கிட்டுப் போய் எல்லாருக்கும் குடுத்தேன். "எம் பேரன் பேசிட்டான். எந்த டாக்டரும் இல்லை, மருந்தும் இல்லை. பரம்பரை அப்படி"ன்னு சொல்லிச் சொல்லிக் குடுத்தேன். தெருவுக்கும் குடுத்தேன். தங்கமுத்து சம்சாரம் ரெண்டு எடுத்துக்கிச்சு.

அப்புறம் ஒவ்வொரு வார்த்தையா வந்துது. "பால்", "மாடு", "வா", "வேண்டாம்." வேண்டாம்ங்கறத நல்லாச் சொல்லுவான்.

சித்திரைல ஒரு ஞாயித்துக்கிழமை ஜக்கரியாவ வரச் சொன்னேன். அவருக்கு பஸ் டிப்போ பக்கம் பட்டறை. கைல செல்போன் மாதிரி ஒரு மிஷின் கொண்டாந்தாரு. மொதல்ல பேனெட்டத் தூக்கிப் பாத்தாரு. அப்புறம் பெட்ரோல் மூடியத் தெறந்து மோந்து பாத்தாரு. நான் சொன்னேன், "பாய், பெட்ரோல்ல கை வெக்காதீங்க. அது மூணரை வருசத்துப் பெட்ரோல். என் பையன் போட்டது."

அவர் மறுபடியும் மோந்து பாத்தாரு. "இல்லீங்களே ஐயா. பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாத்தம் அடிக்கும். இது போன வாரம் போட்ட மாதிரி இருக்குதுங்க."

"மூடி இறுக்கமா இருக்குது, அதான் கெடலை"ன்னேன் நான்.

அவர் ஸ்டீரிங் கீழ ஒரு எடத்துல அந்த மிஷினச் சொருகினாரு. சாவியத் திருப்பச் சொன்னாரு. எதையோ படிச்சாரு, நெத்தியச் சுருக்கினாரு. "ஐயா, வண்டிய யார் ஓட்டறது?"

"யாரும் ஓட்டறதில்லை. அஞ்சு நிமிசம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்தறதுதான்."

"இல்லீங்க. லைட் எரிய ஆரம்பிச்ச பின்னாடி வண்டி எத்தனை தூரம் போயிருக்குதுன்னு இதுல வரும். ஆயிரத்து நானூத்தி எண்பது கிலோமீட்டர் காட்டுதுங்க."

நான் கணக்குப் போடறவன் பாருங்க. இங்கிருந்து மெட்ராஸ் போய்ட்டு வந்து, மறுபடியும் மெட்ராஸ் போய், பாதி தூரம் திரும்பி வந்தா அந்தத் தூரம் வரும். "உங்க மிஷின் கெட்டுப் போச்சு பாய்"ன்னேன். அவர் டார்ச் அடிச்சு முன்னாடி டயரக் காட்டினாரு. டயர்ல ஒரு பொடிக் கல்லு சொருகி இருந்துது. தார் ரோட்டுக் கல்லு. நம்ம வாசல்ல ஏதுங்க தார் ரோட்டுக் கல்லு?

திரும்பிப் பாக்கறேன். சம்பூரணம் வாசல்படில நிக்கறா. கைல காப்பி டம்ளர். பின்னாடி கோகிலா வந்தா. சம்பூரணத்தோட கைல இருந்து டம்ளர வாங்கி ஜக்கரியாகிட்டக் குடுத்தா. அப்புறம் என்னைப் பாத்து, "நான்தானுங்க மாமா எடுத்தேன்"ன்னா.

கல்யாணமான புதுசுல மகேந்திரன் அவளுக்கு ஓட்டக் கத்துக்குடுத்தான், லைசென்ஸும் எடுத்துக் குடுத்தான். எனக்கு அது மறந்தே போச்சுங்க.

செவ்வாயும் வியாழனும், நான் மொபெட்ட எடுத்துட்டுத் தெருமுனை தாண்டினதும், இவங்க மூணு பேரும் வண்டில ஏறி ஈரோடு. அங்க பேச்சுப் பயிற்சி. ஒரு மணி நேரம். நான் வர்றதுக்குள்ள திரும்பி வந்து, வண்டியத் தொடச்சு, கவர் போட்டு, சாவிய சாமி ரூம் ஆணில மாட்டிருவாங்க. கார்த்திகைல இருந்து இது நடக்குது. மொதல்ல பஸ்ல கூட்டிட்டுப் போயிருக்கா. ஹாரன் சத்தத்துக்குப் பையன் கத்தி, பஸ்ஸே திரும்பிப் பாத்து, ரெண்டு தடவயும் பாதி வழில இறங்கிட்டாளாம். அதுக்கப்புறந்தான் வண்டி. சாவிய எடுத்துக் குடுத்தது யாருங்கறீங்க? சம்பூரணம். நான் முள்ளு இறங்கலைன்னு சொன்னப்ப வாயப் பொத்திக்கிட்டுப் போனாளே, அவதான்.

பெட்ரோல் போடறதும் அவ என் பென்ஷன் ஏடிஎம் கார்டுல... சரி, அத விடுங்க.

நான் ஒரு வார்த்தை திட்டலீங்க. சத்தியமா. கை ஓங்கலை, சத்தம் போடலை. வண்டில இருந்து சாவிய உருவினேன், சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். அவ்வளவுதான். ஜக்கரியா கீழ படுத்து, ஒயர எலி கடிச்சிருக்குது, இப்பவே ஒட்டி விட்டுடறேன்னாரு. "வேண்டாம் பாய், இன்னொரு நாள் பாத்துக்கலாம்"னு அனுப்பி வெச்சுட்டேன்.

எனக்கு எது வலிச்சுதுன்னு நெனைக்கறீங்க? பையனுக்குப் பயிற்சி குடுத்ததுக்கு நான் கோவிக்கலீங்க. என்கிட்டச் சொல்லலையே. அவன் போட்ட பெட்ரோல் கார்த்திகையிலயே தீந்து போச்சு. ஒருத்தராச்சும் சொன்னாங்களா? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நான் உள்ள உக்காந்து அந்த முள்ளப் பாத்து என்னென்னமோ பேசிட்டு இருந்தேன், ஜன்னல் வழியா பாத்துட்டுத்தான இருந்தாங்க? அந்த சாக்லேட்ட வேற நெனச்சுப் பாருங்க. வாங்கித் தின்னவங்கள்ல பாதிப் பேர் வண்டி போறதையும் வர்றதையும் பாத்தவங்க. வாயில போட்டுக்கிட்டு, "அப்படீங்களா சர்வேயர், பரம்பரைங்களா"ன்னு கேட்டாங்க.

செவ்வாய்க்கிழமை காலைல கோகிலா பையனக் குளிப்பாட்டி, சட்டை போட்டு, முன்னாடி வந்து நின்னா.

"மாமா, சாவி குடுங்க. பத்தரைக்கு அங்க இருக்கோணும்."

"லைட் எரியற வண்டிய எடுத்துட்டுப் போய் நடுவழில நின்னா என்ன பண்ணுவே? பையன வெச்சுக்கிட்டு?"ன்னேன்.

"இத்தனை நாள் எரிஞ்சுக்கிட்டேதானுங்க மாமா போச்சு."

"எனக்குத் தெரியாம போச்சு. தெரிஞ்ச பின்னாடி எப்படி அனுப்பறது?"

"அப்ப ஜக்கரியா அண்ணன வரச் சொல்லிச் சரி பண்ணிருங்க மாமா. அரைமணி நேர வேலைன்னாரே."

"பாக்கலாம்"னேன்.

யுகன் வண்டிகிட்டப் போய், கவர ஒரு பக்கமாத் தூக்கி, கதவு கைப்புடியப் புடிச்சுட்டு நிக்கறான். "வா"ங்கறான். "வா, வா"ங்கறான். நான் மொபெட்ட எடுத்துட்டு சத்தியமங்கலம் போயிட்டேன். சாவி என் பையிலதான் இருந்துது.

வியாழக்கிழமையும் கேட்டா. அடுத்த செவ்வாய் கேக்கலை, பஸ்ல போனா. கவுந்தப்பாடி வரைக்கும் போயிட்டு, பையன் கத்தி வாந்தி எடுத்து, ஒரு ஆட்டோ புடிச்சுத் திரும்பி வந்துட்டாங்க. சாயங்காலம் நான் வந்தப்ப பையன் தூங்கிட்டு இருந்தான். கன்னத்துல நகத்தால கீறிக்கிட்ட கோடு. "என்னாச்சு?"ன்னேன். மறுநாள் தங்கமுத்து சம்சாரம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வீட்டுல அப்ப யாருமே பேசறதில்லைங்க. நான் தெனமும் ஜக்கரியாவக் கூப்புடோணும்னு நெனைப்பேன். நெசமாத்தான் சொல்றேன். அவ வந்து ஒரு வார்த்தை, "சொல்லாம எடுத்தது தப்புதானுங்க மாமா"ன்னு சொன்னா, அந்த நிமிசமே கூப்புட்டிருப்பேன். அவ சொல்லலை. நானும் கூப்புடலை. அப்படியே அஞ்சு வாரம் போச்சு.

ஆறாவது வாரம், சாப்புட்டுட்டு இருக்கறேன், கோகிலா வந்து சொன்னா, ஈரோட்டுல அந்தப் பயிற்சி குடுக்கற எடத்துக்குப் பக்கத்துலயே மாடில ஒரு வீடு பாத்துட்டாளாம். நடந்தே போயிரலாமாம். ஒரு ஸ்கூல்ல ஆபீஸ் வேலையும் சொல்லி வெச்சிருக்கறாங்களாம்.

"தனியாவா?"ன்னேன்.

சம்பூரணம் எனக்கு ரசம் ஊத்திட்டு இருந்தா. கரண்டியக் கீழ வெக்காமயே, "நானும் போறனுங்க. அவ வேலைக்குப் போனா பையனப் பாத்துக்க ஆள் வேணுமுல்ல"ன்னா.

முப்பத்தெட்டு வருசமாச்சுங்க எங்களுக்குக் கல்யாணமாகி. ஒரு நாள் எதிர்த்துப் பேசினவ இல்லை. "அப்ப என்னை யார் பாத்துக்கறது?"ன்னு கேட்டேன். சிரிச்சுட்டுத்தான் கேட்டேன். விளையாட்டா.

"நீங்க வண்டியப் பாத்துக்கோங்க"ன்னா. அவ சிரிக்கலை.

வைகாசி கடைசில போனாங்க. சம்பந்தி ஒரு டெம்போ கொண்டாந்தாரு. சாமான் அதிகமில்லை. யுகன் சம்பந்தியோட மடியில உக்காந்து காதப் பொத்திக்கிட்டே போனான்.

அவங்க போன பின்னாடி சமையக்கட்டுக் கதவுக்குப் பின்னாடி காலண்டர் தாள் ஒண்ணு ஒட்டியிருந்ததப் பாத்தேன். தண்ணி, பால், மாடு, வா, வேண்டாம், நிலா, சட்டை, கல்லு. ஒவ்வொரு வார்த்தைக்கும் பக்கத்துல தேதி, கோகிலா கையெழுத்துல. இருபத்தி மூணு வார்த்தை. ஜக்கரியா வந்த ஞாயித்துக்கிழமைக்கு முந்தின வியாழக்கிழமை தேதியோட நிக்குது. அதுக்கப்புறம் ஒண்ணும் எழுதலை. எழுத மறந்துட்டாளோ என்னமோ. வேலை ஜாஸ்தி அப்ப.

ரெண்டு மாசம் பாத்தேன். சம்பூரணம் வாரத்துக்கு ஒரு தடவ போன் பண்ணுவா, சாப்புட்டீங்களா, மாத்திரை போட்டீங்களான்னு. "எப்ப வர்றே?"ன்னா "பாக்கலாமுங்க"ம்பா. பையன் நல்லாப் பேசறானுங்கன்னா ஒரு நாள். நிறைய பேசறான், பேசினா நிறுத்தறதில்லைங்கன்னா. அவன்கிட்டக் குடுன்னேன். குடுத்தா. மூச்சுச் சத்தம் கேட்டுது. "யுகா, கண்ணு"ன்னேன். மூச்சு மட்டுந்தான். அப்புறம் சம்பூரணம் வாங்கி, போன்ல பேச மாட்டேங்கறானுங்கன்னா.

போன மாசம் நான் போனனுங்க. சொல்லாமத்தான் போனேன். ஒரு சீப்பு தேன்வாழை, கொஞ்சம் முறுக்கு. சட்டைப் பையில வண்டி சாவி. குடுத்துறலாம்னு. பஸ்ல போறப்ப மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன், "அம்மிணி, வண்டிய எடுத்துக்கோ, ஜக்கரியாகிட்டச் சொல்லி லைட்ட அணைச்சு அனுப்பறேன்"னு.

கீழ வீட்டுக்காரங்க, மாடிக்கு வெளிப்பக்கமா படி. ஏறறப்பவே சத்தம் கேட்டுது. ஒரு கொழந்தை பேசிட்டு இருக்குது. பக்கத்து வீட்டுக் கொழந்தைன்னு நெனச்சுட்டேன். "எறும்பு மேல போகுது. எதுக்குப் போகுது? அங்க சக்கரை இல்லையே. அம்மா, அதுக்கு யார் சொன்னது சக்கரை இருக்குதுன்னு?" அப்படியே போகுது பேச்சு, நிக்கவே இல்லை. நான் பாதிப் படில நின்னுட்டேன். மகேந்திரன் சின்னதுல இப்படித்தான் பேசுவான், ஒரு கேள்விக்குப் பதில் சொல்றதுக்குள்ள அடுத்தது.

கதவத் தட்டினேன். சம்பூரணம் தெறந்தா. "வாங்க"ன்னா. கோகிலாவும் எந்திரிச்சு நின்னு "வாங்க மாமா"ன்னா. பையன் செவுத்தோரமா எறும்பப் பாத்துட்டு உக்காந்திருந்தவன் திரும்பி என்னைப் பாத்தான். வாய மூடிக்கிட்டான்.

ஒரு மணி நேரம் இருந்தனுங்க. நல்லாத்தான் கவனிச்சாங்க. உப்புமா செஞ்சாங்க. "இது என்ன யுகா?"ன்னு வாழைப்பழத்தக் காட்டிக் கேட்டேன். பேசலை. எறும்பக் காட்டிக் கேட்டேன். அவன் போய் அம்மா சேலைக்குப் பின்னாடி நின்னுக்கிட்டான். "வெக்கம் போல"ன்னேன். "ஆமாங்க மாமா"ன்னா கோகிலா. ரொம்ப நாள் கழிச்சுப் பாக்கறானுல்ல. வெக்கம்தானுங்க இருக்கும்.

கெளம்பறப்ப சாவிய எடுத்து நீட்டினேன். பஸ்ல சொல்லிப் பாத்ததெல்லாம் மறந்து போச்சு. "இந்தா அம்மிணி"ன்னு மட்டுந்தான் வந்துது. அவ வாங்கலை. "வேண்டாங்க மாமா, இங்க எல்லாம் நடந்து போற தூரந்தான். வண்டிய நிறுத்த எடமும் இல்லை. யாருக்காச்சும் குடுத்துருங்க"ன்னா. கோவமா எல்லாம் சொல்லலை. சாதாரணமாத்தான் சொன்னா. கோவமா சொல்லியிருந்தாக்கூட நான் கொஞ்சம் பேசியிருப்பேன். அதுக்கப்புறந்தான் நான் ஜக்கரியாகிட்ட ஆள் இருந்தாச் சொல்லுங்கன்னு சொன்னது, நீங்க வந்தது.

கதவச் சாத்தினாங்க. நாலு படிதானுங்க இறங்கியிருப்பேன். உள்ள இருந்து அவன் குரல் கேட்டுது.

"அப்பாரு போயாச்சா?"

எங்க பக்கம் அப்பனோட அப்பன அப்பாருன்னுதானுங்க கூப்புடறது. அதை அவன் சொல்லி நான் அன்னைக்குத்தான் மொத மொதக் கேக்கறேன்.

கோகிலா "போயாச்சு கண்ணு"ன்னா. ஒடனே ஆரம்பிச்சுட்டான். முறுக்கு ஏன் சுத்திச் சுத்தி இருக்குது, அப்பாரு சட்டை ஏன் வெள்ளை, அப்பாரு எந்த பஸ்ல போவாரு, அந்த பஸ் ஹாரன் அடிக்குமா, அப்பாரு காதப் பொத்திக்குவாரா. நான் அந்தப் படிலயே உக்காந்துட்டேன். கீழ வீட்டம்மா துணி எடுக்க வந்தவங்க அண்ணாந்து பாத்து, "யாருங்க, என்ன வேணும்?"ன்னாங்க.

"ஒண்ணுமில்லீங்க, செருப்பு வாரு அந்துருச்சு, போட்டுட்டு இருக்கறேன்"ன்னேன்.

அவங்க ஊக்கு வேணுமான்னு கேட்டு, உள்ள போய் எடுத்துட்டு வந்து குடுத்தாங்க. வாங்கிக்கிட்டேன். செருப்பக் கழட்டி மடில வெச்சு, ஊக்கத் தெறக்கறதும் மூடறதுமா, அவன் பேசி முடிக்கற வரைக்கும் அங்கயே உக்காந்திருந்தேன். நல்ல செருப்புங்க. வாங்கி ஒரு மாசங்கூட ஆகலை.